துருப் பிடிக்காத கிட்டார்

மேடையில் நிற்கிறவர்களில் கைதட்டலே வாங்காத ஒரு ஆள் உண்டென்றால் அது பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுரம் வாசிக்கிற பேஸ் கிட்டார்காரன்தான். மைக்கைப் பிடித்துக்கொண்டு பதினோரு வருஷம் நின்றவன் சொல்கிறேன், நம்பலாம். மரக்காணம் பௌர்ணமி மெல்லிசைக் குழுவின் அறிவிப்பாளர் தட்சணாமூர்த்தி என்றால் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி எல்லை வரை பத்துப் பேருக்காவது தெரியும். பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், சாயங்காலமானால் 'இசை ரசிகப் பெருமக்களே'. ஐந்தாவது பாட்டு முடிந்ததும் வாத்தியக்காரர்களை அறிமுகம் செய்து வைப்பது என் வேலை. தபேலா என்றால் தட்டுவார்கள். கீபோர்டு என்றால் விசில் பறக்கும். 'பேஸ் கிட்டாரில் நம்ம மாயவன்' என்று நான் கையை நீட்டும்போது மட்டும் கூட்டம் சுண்டல்காரனைத் தேடப் போய்விடும்.

மாயவனுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். பகலில் உப்பளத்தில் பம்பு இன்ஜின் ஓட்டுவார். கால்வாயிலிருந்து உப்புத் தண்ணீரை இழுத்துப் பாத்திகளுக்கு விடுகிற பழைய டீசல் இன்ஜின். காலை ஆறு மணிக்குப் பற்ற வைத்தால் பதினோரு மணி வரை டுக்கு டுக்கு என்று அடித்துக்கொண்டே இருக்கும். அங்கே உப்பு வாருகிற பெண்களைக் கேட்டால் அந்தச் சத்தம் எங்கள் காதில் விழுவதே இல்லை என்பார்கள். நடுவில் நின்றுவிட்டால் மட்டும் அத்தனை தலையும் ஒரே நேரத்தில் நிமிரும்.

கச்சேரி முடிந்ததும் மாயவன் எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"பேஸ் கேட்டுச்சாங்க?"

திருவிழாக் கமிட்டித் தலைவர் ஒருவர் ரொம்ப யோசித்துவிட்டு, "எது, அந்த நாலு கம்பி வெச்சிருந்தியே, அதுவா? ஏம்பா, எல்லாரும் ஆறு கம்பி வெச்சிருக்கானுங்க, உனக்கு மட்டும் ஏன் ரெண்டு கொறைச்சல்?" என்றார். ஒலிபெருக்கிக்காரர்கள் அதற்கும் மேலே. பேஸைக் கூட்டினால் ஸ்பீக்கர் பாக்ஸ் கிழிந்துவிடும் என்று முதல் பாட்டிலேயே அதைக் குறைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்கள். மாயவன் என்னிடமும் கேட்பார். "கேட்டுச்சு மாயவன், பிரமாதம்" என்பேன். சொல்லப்போனால் எனக்கும் கேட்டதில்லை.

அவர் மனைவி அம்சவள்ளி ஒரு கச்சேரிக்கும் வந்தது கிடையாது. ஆனால் மாயவன் வீட்டுப் படியேறும்போதே, அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், "கேட்டுச்சு, கேட்டுச்சு. கை கால் கழுவிட்டு வந்து சாப்புடுங்க" என்று சொல்லிவிடுவார்.

அந்த அம்மா பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை. எங்கள் ஊரில் இரும்பு என்பது தவணை முறையில் காணாமல் போகிற பொருள். ஜன்னல் கம்பி, சைக்கிள் ரிம், கேட்டுத் தாழ்ப்பாள் எல்லாமே உப்புக் காற்றில் கரைந்துகொண்டிருக்கும். கிட்டார் கம்பி எந்த மூலைக்கு? புதிதாக மாட்டினால் பதினைந்து நாள் கணீரென்று பேசும். அப்புறம் சளி பிடித்த குரல்தான், விரலெல்லாம் காவி வேறு. பேஸ் கம்பி விலைக்கு அடிக்கடி மாற்றவும் முடியாது. அதனால் மாயவன் கம்பிகளைக் கழற்றி, வளையமாகச் சுருட்டி, பாத்திரத்தில் போட்டு வேக வைப்பார். அழுக்கும் பிசுக்கும் கழன்று இரண்டு கச்சேரிக்குச் சத்தம் திரும்பி வரும். இதற்கு எங்கள் தெருக் குழாய்த் தண்ணீர் ஆகாது, அதுவே உப்பு. ஆகவே அம்சவள்ளி தூரத்துக் கைப்பம்பிலிருந்து சுமந்து வந்த இரண்டு குடம் நல்ல தண்ணீரில் ஒன்று கிட்டாருக்கு, மற்றது குடும்பத்துக்கு.

"உங்க சக்களத்திக்கு ரசம் வெச்சாச்சா? இனிமே நாங்க சோறு வடிக்கலாமா?" என்று அந்த அம்மா கேட்பதை நானே கேட்டிருக்கிறேன்.

கிட்டாருக்கு உறை தைக்கக்கூட மாயவன் மூன்று மாதம் யோசித்தார். குழுத் தலைவர் பக்தவச்சலம் அன்பாக ஒரு காலி உப்பு மூட்டைப் பையைக் கொடுத்து, "இதுல போட்டுக்கோப்பா, அளவா இருக்குது" என்றபோது மாயவன் பார்த்த பார்வை இருக்கிறதே! கைக்குழந்தையைக் கிணற்றில் போடச் சொன்னதுபோல் பார்த்தார்.

பக்தவச்சலம் வாடகைப் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர். கல்யாணத்துக்கு அண்டா, குண்டா, ஜமுக்காளத்தோடு மெல்லிசையும் அவரிடமே கிடைக்கும். எங்கள் ஒத்திகை அவருடைய குடோனில், அடுக்கி வைத்த அண்டாக்களுக்கு நடுவில்தான் நடக்கும். மாயவன் அடித்தொண்டையில் ஒரு சுரம் வாசித்தால் மூலையில் இருக்கிற அண்டா மூடி கடகடவென்று ஆடும். "யோவ், மூடி ஆடுது, மெதுவா" என்பார் பக்தவச்சலம். உலகத்திலேயே மாயவனின் பேஸைத் தவறாமல் கேட்டது அந்த அண்டா மூடி ஒன்றுதான்.

2004 டிசம்பரில் கடல் வந்து போன பிறகு எங்கள் கரையில் வெகு நாள் பாட்டுச் சத்தமே இல்லை. யாருக்கும் பாடவும் மனசில்லை, கேட்கவும் மனசில்லை. அது நியாயம். மறு வருஷம் கார்த்திகையில்தான் மறுபடி ஒன்றிரண்டு கச்சேரி வந்தது. 2006 பொங்கல் முடிந்ததும் எங்கள் கீபோர்டு மணிவண்ணன் புதுப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து குடோனில் வைத்து வாசித்துக் காட்டினான். இடது கையால் இரண்டு கட்டையை அழுத்தினால் பேஸ் தானாக வந்தது. அண்டா மூடியும் ஆடியது.

பக்தவச்சலம் மாயவனைப் பார்த்தார். வேனில் ஒரு ஆள் குறைந்தால் இன்னும் நாலு அண்டா ஏற்றலாம் என்று அவர் மனசு கணக்குப் போட்டது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

"மாயவா, நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல. சித்திரைத் திருவிழா வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள இந்த பேஸ் எதுக்குத்தான் இருக்குதுன்னு எனக்கு ஒரே ஒரு தடவ காட்டிடு."

வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். மாயவன் அதை ஒரு நியாயமான கேள்வியாக எடுத்துக்கொண்டார். அவருக்கே அது பதினோரு வருஷச் சந்தேகம். நன்றாக யோசித்து, தப்பு கிட்டாருடையது என்று முடிவுக்கு வந்தார். துருப் பிடித்த வாத்தியம், அதனால்தான் யாருக்கும் கேட்கவில்லை. துருப் பிடிக்காத ஒன்று வேண்டும்.

இடையஞ்சாவடியில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்புகிறார், கிட்டார்களை விற்கிறார் என்று செய்தி வந்தது. சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் வந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள் ஏராளம். கிளம்பியவர் இவர் ஒருத்தர்தான், அதிலும் மாயவனுக்காகவே கிளம்பியதுபோல் ஆயிற்று. என் டிவிஎஸ் வண்டியில் இரண்டு பேரும் போனோம்.

மூன்று பேஸ் கிட்டார்களைக் கட்டில்மேல் கிடத்தியிருந்தார். மாயவன் எதையும் வாசித்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றின் திருகாணியையும் நகத்தால் சுரண்டினார், மோந்து பார்த்தார், வெளிச்சத்தில் திருப்பினார். மூன்றாவதைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. எந்தக் கிட்டாருக்கும் கழுத்தில் குறுக்குக் குறுக்காக மெல்லிய கம்பிகள் பதித்திருப்பார்கள். ஃப்ரெட் என்று பெயர். அந்த இடைவெளிக்குள் எங்கே விரலை வைத்தாலும் சுரம் சரியாக வந்து நிற்கும். இந்தக் கிட்டாரின் கழுத்தில் அப்படி ஒன்றுமே இல்லை. வழுவழுவென்று கறுப்பு மரம் மட்டும்தான்.

"சார், பாத்தீங்களா? துருப் பிடிக்கிறதுக்கு எடமே குடுக்கல. கடலோரத்து ஆளுங்களுக்குன்னே செஞ்சிருக்கான் சார்."

எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. "அந்தக் கம்பி இல்லாம சுரம் எங்க இருக்குதுன்னு எப்படி மாயவன் தெரியும்?" என்றேன்.

"வயலின்ல இருக்குதா சார்? அவங்க வாசிக்கல?"

வெள்ளைக்காரர் பெரிய மனிதர். தனக்குத் தெரிந்த தமிழில் எச்சரித்தார். "இது கஷ்டம். ரொம்ப கஷ்டம். அது வாங்க" என்று முதல் கிட்டாரைக் காட்டினார். மாயவன் என் காதருகே வந்து, "நல்ல சரக்கைக் குடுக்க மனசு வரல பாருங்க" என்றார். பழைய கிட்டாரையும் அங்கேயே கொடுத்துவிட்டார். மேற்கொண்டு என்ன கொடுத்தார் என்பதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். கூட்டிக்கொண்டு போனவன் நான் என்பதால் அம்சவள்ளி இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இரண்டு மாதம் இன்ஜின் ஷெட்டில் உட்கார்ந்து சாதகம் செய்தார். அவர் காது நல்ல காது. விரல் ஒரு நூல் தள்ளி விழுந்தாலும் காது பிடித்துவிடும், விரல் உடனே நகர்ந்துவிடும். கழுத்தின் பக்கவாட்டில் அடையாளத்துக்குச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளும் இருந்தன. ஆக, புள்ளி தெரிகிற வெளிச்சமும் தன் சத்தம் தனக்குக் கேட்கிற இடமும் இருந்தால் அந்த வாத்தியத்தை வாசிக்கலாம். இரண்டுமே கிடைக்காத இடத்துக்குப் பெயர்தான் எங்கள் மேடை.

சித்திரையில் பெருமுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கச்சேரி. இரண்டு டிராக்டர் டிரெய்லரைச் சேர்த்துக் கட்டிய மேடை. அதில் பாதியைக் கமிட்டிக்காரர்களின் நாற்காலிகள் எடுத்துக்கொண்டன. மிச்சமிருந்த இடத்தில் மாயவனை ஒரு கோடியில் நிறுத்தி, அவருடைய பேஸ் பாக்ஸை வேறு வழியில்லாமல் மறு கோடியில், பாடகன் ஆசிப்பின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். போதாக்குறைக்குச் சிவப்பும் பச்சையுமாக சீரியல் பல்பு மாறி மாறி அணைந்து எரிந்தது. அதில் வெள்ளைப் புள்ளியாவது, மண்ணாவது.

ஆசிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்து நாலு வயது. திண்டிவனத்தில் ஜவுளிக்கடையில் வேலை. எங்கள் குழுவுக்குக் கூட்டம் வருவதே அவன் குரலுக்காகத்தான். அவன் அத்தா பஷீர் அஹமது பதினெட்டு வருஷம் துபாயில் இருந்து வந்தவர். மகனும் கிளம்ப வேண்டும் என்று ஒரு விசாவை எடுத்து வைத்துக்கொண்டு தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்குப் பாட்டு இருக்குது அத்தா" என்பதுதான் அவன் சொல்லிக்கொண்டிருந்த ஒரே பதில்.

அன்றைக்கு மூன்றாவது பாட்டில் ஆசிப் இறங்கினான். சுதியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனான். எனக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஒருவன் ஊளையிட்டான், பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆசிப் கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னும் கவனமாகப் பாடினான். இன்னும் கீழே போனான். அடுத்த பாட்டில் ஒரு தடவை திடீரென்று மேலே ஏறினான், மறுபடி விழுந்தான். மேடைமேல் காலிப் பேப்பர் கப் வந்து விழுந்தது. ஆறாவது பாட்டிலிருந்து மணிவண்ணன் வெறும் கீபோர்டு வாசித்துக் கூட்டத்தைச் சமாளித்தான்.

திரும்பும்போது வேனில் பக்தவச்சலம் ஆசிப்பை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவன் தொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான். எனக்குப் பாவமாக இருந்தது. இறங்கும்போது பக்தவச்சலம் மாயவனின் தோளைத் தட்டி, "உன் புதுசு பரவால்லப்பா. ஏதோ ஒண்ணு நல்லா இருந்துச்சு. இந்த வருஷம் இரு, பாத்துக்கலாம்" என்றார். பதினோரு வருஷத்தில் மாயவனுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அவர் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனதை அடக்கம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் சங்க ஆபீசுக்கு வந்து என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"சார், அன்னைக்குக் கவுத்தது ஆசிப் இல்ல. நான்."

அவருக்குத் தன் சத்தம் கேட்கவில்லை. புள்ளியும் தெரியவில்லை. விரல் குத்துமதிப்பாக விழுந்திருக்கிறது, கீழே தள்ளி. ஆசிப்புக்கோ முதுகுக்குப் பின்னால் பாக்ஸ், அவன் காதில் அது ஒன்றுதான். அவனுக்கே தெரியாமல் அதன் மேல் காலை ஊன்றிப் பாடியிருக்கிறான்.

"அவன் எறங்குறப்ப எனக்குப் பொறி தட்டிச்சு சார். விரலைக் கொஞ்சம் மேல நகத்தினேன். அவன் ஏறினான். நெசந்தானான்னு பாக்க மறுபடி கீழ எறக்கினேன். எறங்கினான்."

"சரி, அப்புறம் சரியா வாசிக்க வேண்டியதுதானே?"

மாயவன் ஜன்னல் பக்கம் பார்த்தார். "மூணாவது தடவையும் எறக்கினேன் சார்."

"அது எதுக்கு?"

கேட்டேனே தவிர, எனக்குத் தெரியாதா எதுக்கு என்று! பதினோரு வருஷம் யாருக்கும் கேட்காத வாத்தியத்தை வாசித்தவன். ஒரு மனுஷன் தன் விரலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறான், இறங்குகிறான் என்றால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

"வாயை மூடிட்டு இருங்க மாயவன். உங்களுக்கு வேலை நிலைச்சிருக்குது" என்றேன். அப்படித்தான் சொன்னேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

"அவன் தொண்டை கெட்டுப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான் சார். துபாய்க்குச் சரின்னு சொல்லிட்டானாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குடோனில் எல்லோரும் இருந்தோம். ஆசிப் குழுவின் ரோஸ் நிறச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பையில் வைத்துத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான். மாயவன் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார்.

பக்தவச்சலம் சிரித்தார். "ஏம்பா, உன் பேஸு எவனுக்குக் கேக்குது? அதைக் கேட்டா இவன் கெட்டுப் போனான்? நல்ல மனசு உனக்கு. அதுக்காக இப்படி ஒரு பொய்யா?"

உண்மையைச் சொன்னால் ஒருவனும் நம்பவில்லை. மாயவனுக்கு அங்கேதான் கோபம் வந்தது. அதுவரை நான் பார்க்காத கோபம். பேஸ் பாக்ஸைத் தானே தூக்கிக்கொண்டு போய் ஆசிப்பின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். "தம்பி, அன்னைக்குப் பாடுன அதே பாட்டு. கண்ண மூடிக்கோ. மணிவண்ணா, நீயும் வாசி."

ஆசிப் பாடினான். அருமையாகப் பாடினான், தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டாவது அடியில் மாயவனின் விரல் கறுப்பு மரத்தின்மேல் ஒரு அரிசி அளவு பின்னால் நகர்ந்தது. ஆசிப் இறங்கினான். அரிசி அளவு முன்னால் வந்தது. ஏறினான். மூலையில் அண்டா மூடி ஆடிக்கொண்டிருந்தது. மணிவண்ணன் வாசிப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தான். ஆசிப் கண்ணைத் திறந்து எங்கள் முகங்களைப் பார்த்தான், அவனுக்கும் புரிந்துவிட்டது.

"மொதல் தடவ தெரியாம செஞ்சேன் தம்பி. ரெண்டாவது நெசந்தானான்னு பாக்கச் செஞ்சேன். மூணாவது தடவ தெரிஞ்சே செஞ்சேன்" என்றார் மாயவன். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

பக்தவச்சலம் எழுந்து போய் ஆடுகிற மூடியைக் கையால் அமுக்கி நிறுத்தினார்.

"இவ்ளோ நாளா இவன் பாடுனது உன்னை நம்பியா?"

"என்னை இல்லீங்க. பேஸை."

"அப்போ நீ ஒரு விரலை நகத்துனா என் கச்சேரியே கவுந்துடும்?"

மாயவனின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஆமாங்க" என்றார்.

"மணிவண்ணன் பொட்டியில நகருமா?"

"நகராதுங்க. கட்டை சொன்ன எடத்துலதான் நிக்கும்."

"அப்போ நாளையிலேந்து அதுவே போதும்பா. தெரிஞ்சே ஒரு தடவ செஞ்சவன் இன்னொரு தடவ செய்ய மாட்டான்னு நான் எப்படி நம்புறது?"

  ஆசிப் தான் கொண்டுவந்த ரோஸ் சட்டையைப் பையோடு திரும்ப எடுத்துக்கொண்டு, மாயவன் பக்கம் திரும்பாமல், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கு மாயவன் வீட்டுப் படியேறும்போது அம்சவள்ளி வழக்கம்போல் "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றாராம். "ஆமா, கேட்டுடுச்சு. வேலைய விட்டு நிறுத்திட்டாங்க" என்றாராம் இவர். அந்த அம்மாவுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியாமல் போயிருக்கிறது. இவரோ இரண்டு தட்டு சோறு போட்டுச் சாப்பிட்டாராம்.

பத்து நாள் கழித்து இரும்பை கிராமத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. ஆசிப் வந்தான். விசா அவன் அத்தாவின் பீரோவுக்கே திரும்பிப் போயிருந்தது. ஐந்தாவது பாட்டு முடிந்து நான் மைக்கைப் பிடித்தேன். தபேலா சொன்னேன், தட்டினார்கள். கீபோர்டு சொன்னேன், விசிலடித்தார்கள். பதினோரு வருஷப் பழக்கம் நாக்கில் ஊறிப் போயிருக்கிறதே, "பேஸ் கிட்டாரில் நம்ம மாயவன்" என்று காலி இடத்தைப் பார்த்துக் கையை நீட்டிவிட்டேன். பக்தவச்சலம் தலையில் அடித்துக்கொண்டார். ஆசிப் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினான். பாடகனே தட்டுகிறானே, யாரோ பெரிய ஆள் போலிருக்கிறது என்று மண்டபம் முழுவதும் தட்டியது.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் உப்பளத்துக்குப் போனேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மாயவன் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நான் இல்லாம பாட்டு எப்படி சார் இருந்துச்சு?" என்று சத்தமாகக் கேட்டார்.

"குறை ஒண்ணும் தெரியல மாயவன்" என்றேன். இவரிடம் இனிமேல் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்புறம்தான் கைதட்டலைச் சொன்னேன். யார் முதலில் தட்டினார் என்பதையும் சொன்னேன். அவர் காதருகே கையைக் குவித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். இன்ஜின் சத்தத்தில் பாதிதான் விழுந்திருக்கிறது. இன்னொரு தடவை கத்திச் சொன்னேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். உள்ளே போனார். டுக்கு டுக்கு என்று அடித்துக்கொண்டிருந்தது மெதுவாகி, இரண்டு தடவை இருமி, நின்றுவிட்டது.

பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் தலையை நிமிர்த்தினார்கள். "மாயவண்ணே, என்னாச்சு? ஏன் நிறுத்திட்டீங்க?" என்று தூரத்துப் பாத்தியிலிருந்து திரௌபதி என்கிற பெண் குரல் கொடுத்தாள்.

மாயவன் அவளைப் பார்த்துக் கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இப்ப சொல்லுங்க சார்."